ஒன்றிலிருந்து ஒன்பது வரை

என் அக்கா பெற்ற ரத்தினமே, வேதவல்லி,

யாருமே நம்பப் போகாத ஒரு கதையை இன்று சொல்லப் போகிறேன். இந்த ஆண்டு மலரின் மேல் சத்தியம், இதை அச்சுக் கோப்பவரின் பொறுமையின் மேல் சத்தியம், தேக்கா சந்தையில் காலையில் நான் பேரம் பேசி வாங்கிய வாழைப்பூவின் மேல் சத்தியம். மூவுலகிலும் நிகரில்லாத வாய்வீச்சாளனும், நம் சங்கத்தின் நிரந்தரக் காரியதரிசியும், உன் தாய்மாமனுமாகிய கோபால், சின்ன எண் சொல்ல வேண்டிய இடத்தில் பெரிய எண்ணைச் சொல்லி ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்த கதை இது.

"மாமா, நீங்க பெரிசா அளக்கிறதை யாரு நம்பமாட்டாங்க?" என்று நீ சிரிப்பாய். அதை நம்புவார்கள். அதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்பதைத்தான் நம்பமாட்டார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. நாங்கள் புக்கிட் மேராவில் அரசாங்க ஹவுசிங் போர்ட் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏழாவது மாடி. மேகங்கள் ஜன்னல் வழியாக வந்து உன் அத்தையிடம் காப்பி கேட்கின்றன என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அம்மா வாரம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருகிறாள். நான் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய் உலையைப் பார்க்கிறாள். துக்கத்தாலா, என் மேல் உள்ள கோபத்தாலா? கேட்கத் தைரியம் வரவில்லை.

மலர்க் குழுவிடம் உன் நினைவஞ்சலிக்கு இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இரங்கற்பா வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வரட்டும், ஏமாறட்டும். உன்னை அறியாத வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லும்படி ஆகிறது. பொறுத்துக்கொள்.

நீ சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் புள்ளியியல் படித்தாய். உன் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பாடம் செய்யாமல் வருவதைப் பார்த்து, ஒரு நாள் அவர்கள் வீடுகளுக்கே போய்விட்டாய். கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். நோட்டை விரிக்க இடமில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிய ஒரு பெண்பிள்ளையின் நோட்டில் செருப்புத் தடம் இருந்தது என்று என்னிடம் வந்து சொன்னாய்.

"மாமா, நம்ம சங்கத்து மண்டபம் மத்தியானம் சும்மாத்தானே கிடக்கு?"

சும்மாவா கிடந்தது! துணைத்தலைவர் சிங்காரம் அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் அவர் சக்கரவர்த்தி. அவர் சுண்டினால் சிவப்புக் காய் தானாகவே குழிக்கு நடந்து போகும். நான் என் முழு நாவன்மையையும் இறக்கி, கெஞ்சி, மிரட்டி, அவரது ஆட்டத்தை நாலு மணிக்குப் பின் தள்ளிவைத்தேன். பகல் இரண்டிலிருந்து நாலு வரை மண்டபம் படிப்புக் கூடம் ஆனது. அந்த ஒரு காரியத்தை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இனி வருவதில் எனக்குச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

பெஞ்சு ஐம்பது பேருக்குத்தான் இருந்தது. பெயர் கொடுத்தவர்கள் நூறு பேர். தலைவர் பேரன், பொருளாளர் வீட்டுப் பிள்ளை என்று நான் பட்டியல் போட ஆரம்பித்தேன். நீ நூறு பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, மைலோ டின்னில் போட்டுக் குலுக்கினாய். தலைவர் பேரனுக்கு இடம் விழவில்லை. அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆண்டு முடிவில் நூறு பேருக்கும் ஒரே கணக்குப் பரீட்சை. தாள்களை நீ திருத்தவில்லை. வேறொரு டீச்சரிடம் பெயரை மறைத்துக் கொடுத்தாய். "ஏன் பொண்ணே இவ்வளவு சந்தேகம், உன் மேலயே?" என்று கேட்டேன். "என் மேலதான் மாமா முதல்ல சந்தேகப்படணும்" என்றாய்.

ஆண்டு விழாவன்று காலையில் வீட்டுக்கு வந்தாய். உன் அத்தை அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தாளை என் முன்னால் வைத்தாய். நம் சங்கத்தில் எந்த அறிக்கையானாலும் காரியதரிசிதான் மேடையில் வாசிப்பது வழக்கம். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. வாசகர்களே பார்க்கட்டும், எழுத்து மாறாமல் எடுத்து எழுதுகிறேன்:

"படிப்புக் கூடத்தில் இடம் கிடைத்த ஐம்பது பேரின் சராசரி, கிடைக்காத ஐம்பது பேரின் சராசரியைவிட ஐந்து மதிப்பெண் அதிகம். பிள்ளைகளுக்குள் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சுமார் பத்து அளவுக்குச் சிதறி நிற்கின்றன; வித்தியாசம் அந்தச் சிதறலில் பாதி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லக்கூடிய எல்லைகள்: ஒன்றிலிருந்து ஒன்பது வரை. இது ஒரு வருடத்துக் கணக்கு. இன்னொரு வருடம் பார்க்க வேண்டும்."

"ஏம்மா, அஞ்சுன்னு சொல்றே, ஒன்னுன்னு சொல்றே, ஒன்பதுன்னும் சொல்றே. மீன்காரன்கூட ஒரே விலைதானே சொல்றான்?"

"நமக்குக் கிடைச்சது இந்த நூறு பிள்ளைங்க மாமா. டின்னை இன்னொரு தடவை குலுக்கியிருந்தா வேற ஐம்பது பேரு உள்ளே வந்திருப்பாங்க. அஞ்சு வந்த இடத்துல மூனு வந்திருக்கும், ஏழு வந்திருக்கும். அதனால ஒரு வேலி போடுறேன். இதே மாதிரி நூறு தடவை செஞ்சு நூறு வேலி போட்டா, சுமாரா தொண்ணூத்தஞ்சு வேலிக்குள்ள உண்மை இருக்கும்."

"உன் வேலிக்குள்ள இருக்கா?"

"தெரியாது. இருக்கும்னு நம்ப நல்ல காரணம் இருக்கு."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை காகிதம்?"

"எவ்வளவு தெரியாதுன்னு சொல்றதுக்கு மாமா."

உன் அத்தை கரண்டியோடு திரும்பி, "அஞ்சு மார்க்குங்கிறது பெரிசா, சின்னதா? அதைச் சொல்லு முதல்ல" என்றாள். எங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.

நீ வடைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்தாய். "இப்படி நூறு பிள்ளைங்க மார்க் வரிசைப்படி நிக்கிறாங்க அத்தை. சரியா நடுவுல ஒரு பிள்ளை. அஞ்சு மார்க் கூடினா அந்தப் பிள்ளை ஏறக்குறைய இருபது பேரைத் தாண்டி முன்னால போய் நிக்கும். மார்க் எல்லாம் ரொம்பச் சிதறியிருந்தா அதே அஞ்சு ஒன்னுமில்லை. இங்கே அது பெரிசுதான்." அப்புறம் என்னைப் பார்த்தாய். "அஞ்சே போதும் மாமா. நீங்க எதையும் சேர்க்க வேண்டாம்."

எப்படி என்னை அறிந்து வைத்திருந்தாய்!

விழாவுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். கூட்டம் டோபி காட் வரை நின்றது. ஒலிபெருக்கியில் நான் கனைத்த கனைப்பில் துறைமுகத்துக் கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதின.

சரி. நூற்றைம்பதிலிருந்து இருநூறுக்குள். பின்வரிசை நாற்காலிகள் காலி.

வரவேற்புரை நீண்டுவிட்டது. பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் சிங்காரம் கொட்டாவி விட்டார், அவர் பல்லெல்லாம் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வரிசையில் நீ, மடியில் கைப்பையோடு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து. நான் உன் முதல் வரியை வாசித்தேன். யாரும் திரும்பவில்லை. ஒரு குழந்தை அழுதது. அப்போது என் தொண்டைக்குள் ஒரு பிசாசு ஏறி உட்கார்ந்தது.

"நவரத்தினம் போல! நவதானியம் போல! நவக்கிரகங்களும் இறங்கி வந்து வாழ்த்தியது போல, நம் படிப்புக் கூடத்துப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்பது மதிப்பெண் கூடியிருக்கிறது!"

கைதட்டல் கூரையைத் தூக்கிற்று. இதில் மிகையில்லை, தகரக் கூரைதான், அதிர்ந்தது. சிங்காரமே தட்டினார். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைதட்டல் வந்தபோது நான் கும்பிட்டு நின்றது யாருக்காக?

ஒரே மூச்சில் இரண்டு பொய். வேலியின் மேல் கம்பத்தைப் பிடுங்கி அதையே வீடு என்றேன். சராசரி ஐம்பது பேருக்கும் பொதுவானது, அதை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் போட்டேன்.

விழா முடிந்து தேநீர் மேசைப் பக்கம் என்னைப் பிடித்தாய்.

"மாமா, ஒன்பது இல்லை. அஞ்சு."

"மேடைக்கு ஒன்பதுதான் எடுப்பா இருக்கு, பொண்ணே."

"அஞ்சுக்கு மட்டும் என்ன குறைச்சல்? பஞ்சாமிர்தம் இருக்கு, பஞ்சபூதம் இருக்கு. அதுலயே அளந்திருக்கலாமே!"

"அட, தோணாம போச்சே!" என்று நான் தொடையைத் தட்டினேன். இருவரும் சிரித்தோம். பிறகு நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய். "அடுத்த வருஷம் ரெண்டோ மூனோ வந்தா என்ன சொல்வீங்க?"

"அடுத்த வருஷம் பதினெட்டு வரும், பார்!"

மறு ஆண்டு பெயர் கொடுக்க வந்த கூட்டம் படியிலிருந்து தெரு வரை நின்றது. மறுபடி நூறு பெயர் வாங்கினாய், மறுபடி டின், மறுபடி ஐம்பது. ஆனால் இந்த முறை வந்த பெற்றோர் பாதிப் பேர் இடம் கேட்க வரவில்லை, ஒன்பது கேட்க வந்தார்கள். பஃபலோ ரோட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் மகள் முதல் வருடம் கூடத்தில் படித்தவள். அவர் என்னைத் தெருவிலேயே மடக்கினார்.

"செகரட்டரி, என் மகளுக்கு போன தடவையவிட மூனு மார்க்தான் லா கூடியிருக்கு. பாக்கி ஆறு எங்கே?"

"பாய், சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும்..."

"நீங்க ஒவ்வொருத்தருக்கும்னுதானே சொன்னீங்க? நான் முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன். நவதானியம்கூட சொன்னீங்க."

நான் மழை வருகிறது என்று சொல்லி நழுவினேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

அந்த ஆண்டுக் கணக்கில் வித்தியாசம் இரண்டு வந்தது.

நீ பதறவில்லை. செயற்குழுவுக்கு நீயே வந்து தாளை வைத்தாய். மண்டபத்தை இன்னொரு வருடம் தருவதா வேண்டாமா என்பது அன்று முடிவாக வேண்டும். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். சிங்காரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தொடங்கினார்.

"டீச்சரம்மா, போன வருஷம் ஒன்பது. இந்த வருஷம் ரெண்டு. நடுவுல ஏழு எங்கே போச்சு?"

"போன வருஷம் அஞ்சுங்க. எல்லை ஒன்னுலேருந்து ஒன்பது. ரெண்டு அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு."

"இந்த வருஷத்துக்கும் எல்லை போட்டிருக்கியா?"

நீ மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. "போட்டிருக்கேன். கீழே மைனஸ் ரெண்டு, மேலே ஆறு. இந்த வருஷத்தை மட்டும் தனியா பார்த்தா, பலனே இல்லைன்னும் சொல்ல இடம் இருக்கு."

"மைனஸா! கூடத்துக்கு வந்தா மார்க் குறையும்னு எழுதியே குடுத்திருக்கு!" என்றார் சிங்காரம். குழு சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன், வேதா. நீ பார்த்தாயோ இல்லையோ, காட்டினேன்.

"ரெண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தா மூனரை வருதுங்க. எல்லை முக்காலுலேருந்து ஆறேகால் வரைக்கும். போன வருஷத்தைவிட வேலி சின்னதாயிருக்கு. அதாவது இப்போ நமக்கு முன்னைவிட நல்லாத் தெரியுது."

"நல்லாத் தெரியுது, ஒன்பது மூனரை ஆயிடுச்சுன்னு!"

"நான் ஒன்பதுன்னு எழுதிக் கொடுக்கவேயில்லை."

அப்போதுதான் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சிங்காரம் கேட்டார்: "செகரட்டரி, டீச்சர் எழுதிக் கொடுத்ததைத்தானே மேடையில வாசிச்சீங்க?"

உன் தாள் என் முழங்கைக்குக் கீழே, கோப்புக்குள் இருந்தது. முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தால் போதும். ஒரு நிமிடக் காரியம். சங்கம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும், ஒரு வாரம் கேலி பேசியிருக்கும், அதற்குமேல் என்ன?

"தாளில் இருந்ததைத்தான் வாசித்தேன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். அதிக நேரமில்லை. பிறகு உன் காகிதங்களை அடுக்கினாய். கை தூக்கச் சொன்னார்கள். தர வேண்டாம் என்று எட்டு, தரலாம் என்று இரண்டு. நான் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. காரியதரிசி தீர்மானத்தை எழுத வேண்டுமல்லவா, பேனா கையில் இருந்தது. மறுநாள் இரண்டு மணிக்கே கேரம் பலகை வந்துவிட்டது. நீ சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதாகக் காவல்காரர் சொன்னார். பிள்ளைகள் சிலர் விஷயம் தெரியாமல் நோட்டோடு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்களாம்.

நீ என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வந்தாய், காலில் விழுந்தாய், என் கப்பல் கதைகளுக்குச் சிரித்தாய். "மாமா" என்று கூப்பிட்ட குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தாளைக்கூட நீ என் கையில் கொடுக்கவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படியைப் பிழை பார்க்க உன் அத்தையிடம் நீட்டினாய். அவள் நாலாம் வகுப்பு, நான் சங்கத்துக் காரியதரிசி. இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். என்னைத் தாண்டிப் போன அந்தக் கையை இப்போதும் பார்க்கிறேன்.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். பதினைந்து நாள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, ஜோகூர் பாலத்தை நான் ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்த கதையைச் சொல்லிவிட்டுப் போனேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று. உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்ல எனக்கு அத்தனை நாள் ஏன் போதவில்லை?

போன மாதம் செயற்குழுவில், இப்போது உறுப்பினராகிவிட்ட காதர் பாய் எழுந்தார். "படிப்புக் கூடத்தை மறுபடி திறக்கணும். வாசல் பலகையில வேதவல்லி டீச்சர் பேரைப் போடணும். என் மகளுக்கு மூனு மார்க்தான் கூடிச்சு, நான்தான் அன்னிக்கு கத்துனேன். ஆனா அந்த ஒரு வருஷம் அவளுக்கு உட்கார்ந்து எழுத ஒரு இடம் இருந்துச்சு" என்றார்.

சிங்காரம் கெட்டவரில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்: "கூடம் திறக்கலாம் பாய். நல்ல பொண்ணு, இல்லைங்கலை. ஆனா கணக்கைத் தப்பாப் போட்டு சபையில சொன்ன பேரு அது. கணக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கு அந்தப் பேரை எப்படி வைக்கிறது?"

யாரும் மறுக்கவில்லை. முடிவை ஆண்டு விழாவுக்குத் தள்ளி வைத்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டு, மலரில் இரண்டு பக்கம் கேட்டேன். எழுந்து பேசியிருக்க வேண்டும், தெரியும். என் வாய் எனக்கு ஆகாத இடத்தில் எப்போதும் ஊமை. அதனால்தான் எழுதுகிறேன். இந்த மலர் முந்நூறு வீடுகளுக்குப் போகும். இதுவும் குத்துமதிப்புதான்: இருநூற்றைம்பதுக்குக் குறையாது, முந்நூற்றைம்பதைத் தாண்டாது.

சிங்காரம் அண்ணே, நீங்களும் படிப்பீர்கள். வேதவல்லி கணக்கு தப்பில்லை. முதல் வருடமே ஒன்று என்றும் எழுதியிருந்தாள், ஒன்பது என்றும் எழுதியிருந்தாள், இன்னொரு வருடம் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அவள் எதற்கு இடம் விட்டாளோ அதுதான் வந்தது. அந்த இடத்தை அடைத்தது நான்.

வேதா, வரும் ஆண்டு விழாவில் அந்தத் தாளையும், குழுவில் நீ சொல்லி நான் குறித்துவைத்த கணக்கையும் மேடையில் வாசிக்கிறேன். ஐந்து, ஒன்று, ஒன்பது, மறு வருடத்து இரண்டு, அதன் மைனஸ், சேர்த்து வந்த மூன்றரை, எல்லாம், நீ சொன்ன வரிசையில், உவமை இல்லாமல். நவமும் கிடையாது, பஞ்சமும் கிடையாது. கூட்டம் பேசிக்கொண்டிருந்தால் பேசிக்கொண்டிருக்கட்டும். வாசித்து முடித்ததும் பேனாவையும் கோப்பையும் மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். பலகையில் உன் பெயர் வருமா? என்னால் உறுதி சொல்ல முடியாது. வரக்கூடும் என்று நம்ப இப்போது கொஞ்சம் காரணம் இருக்கிறது.

இனி ஒன்று. இத்தனை வருடமும், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லி வந்தேன்: "எனக்கு என்ன தெரியும், புள்ளிவிவரமெல்லாம் நமக்கு விளங்குமா?" அதை எல்லோரும் நம்பினார்கள். உன் அம்மாவும் நம்பினாள். இந்தக் கடிதத்தில் நான் அளந்ததில் எதை வேண்டுமானாலும் யாரும் தள்ளிவிடலாம். ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை, அதை நீ எடுத்துக்கொள்.

அன்று காலை, அடுப்படியில், எனக்கு விளங்கியது. முழுக்க விளங்கியது. நீ நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாய்.

உன் அம்மாவோடு ஒரு வயிற்றில் பிறந்த,
உன் தாய்மாமன்,
கோபால்